வெள்ளிச்சிறகன் திரும்பிப் பார்த்தது

அன்று படத்தொகுப்பு அறையில் இருந்தவர்கள்: படத்தொகுப்பாளர் மரியதாஸ், அவரிடம் தொழில் கற்று இயக்குநரான தவமணி, தயாரிப்பாளர் குமரகுரு, படத்தில் ஆட்டோக்காரராக நடித்த நாடகக்காரர் சிவனணைந்தான். ஆக நான்கு பேர்.

திரையில் ‘வெள்ளிச்சிறகன்’ ஓடி முடிந்திருந்தது. பறந்து வந்து மக்களைக் காப்பாற்றும் வீரன் ஒருவனின் கதை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திரையரங்குக்குப் போனபோது அது இவ்வளவு நீளம் இல்லை. நீளத்தைக் குறைக்கச் சொன்னார்கள். தவமணி தன் கையாலேயே முப்பத்தொரு நிமிடத்தை வெட்டினாள். கடைசியில் நொறுங்கிய ஆட்டோவின் பக்கத்தில் வீரன் மண்டியிட்டு அழும்போது ஜனங்கள் சிரித்தார்கள். படம் ஒரு வாரம் தாங்கவில்லை. அதன் பிறகு தவமணிக்கு வேலை வரவில்லை.

இப்போது ஓர் ஓடிடி நிறுவனம் நீளமான படத்தைக் கேட்டிருந்தது. ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வெட்டியதை எல்லாம் எடுத்து வைத்து ஒட்டி, ஆசிரியரிடம் காட்ட வந்திருந்தாள்.

விளக்கைப் போட்டபோது சிவனணைந்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க சாவுக்கு நீங்களே அழறீங்களே அண்ணாச்சி,” என்றார் குமரகுரு.

“போன தடவ அழ நேரம் எங்க இருந்துச்சு? வேன் பிடிச்சு சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டுப் போனேன். என் மச்சினன் சொல்லுதான், ‘அத்தான், நான் கொட்டாவி விட்டு வாய மூடுததுக்குள்ள செத்துட்டீங்களே’ன்னு.”

குமரகுரு சிரித்தார். தவமணி சிரிக்கவில்லை.

“சார், ஒரு சண்டைகூட நான் புதுசா சேர்க்கல,” என்றாள் மரியதாஸிடம். “ஆனா சண்டை பெருசாத் தெரியுது. ஏன்?”

“அந்தப் பரோட்டா எவ்வளவு நேரம்?”

“நாலு நிமிஷம்.”

திரும்பச் சேர்த்த காட்சிகளில் அதுவும் ஒன்று. மழையில் ஒதுங்கிய வீரனுக்கு, ஆள் யாரென்று தெரியாமலேயே, ஆட்டோக்காரர் தன் பரோட்டாவில் பாதியைக் கொடுப்பார். அறுந்து தொங்கும் சிறகின் வாரை சைக்கிள் ட்யூபால் கட்டிவிடுவார். ‘வேலைக்குப் போற இடத்துல நல்ல சாமானா வாங்கித் தரச் சொல்லுங்க தம்பி’ என்பார்.

“முன்னாடி அவன் ஒரு ஆட்டோவுக்காக அழுதான்,” என்றார் மரியதாஸ். “இப்ப இவருக்காக அழறான்.”

தவமணியின் முகம் தெளிந்தது.

“அப்ப படம் முழுசாயிடுச்சு. அனுப்பிடலாமா?”



சிவனணைந்தான் துண்டை மடித்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. பாலம் விழும்போது நான் அடியில கெடந்து தம்பீன்னு கூப்பிடுவேன்லா? அவரு திரும்பிப் பார்த்தாரே. பார்த்துட்டு, மந்திரி மக இருக்கிற பக்கம் பறந்துட்டாரு. அதை மட்டும் காணலியே.”

“அது வராது அண்ணாச்சி,” என்றார் குமரகுரு. “ஹீரோ சொல்லிட்டாரு. காதுல விழல, அதனால காப்பாத்தல. அவ்வளவுதான் கதை. அந்த ஷாட் உள்ள வந்தா தவமணியோட அடுத்த படத்துக்கு அவர் தேதி கிடையாது.”

“நான் நல்லாத்தான் கூப்பிட்டேன்,” என்றார் சிவனணைந்தான்.

தவமணி மேஜையைப் பார்த்தாள். “ஒண்ணரை நொடி சார். யாருக்குத் தெரியப்போகுது? முப்பத்தொரு நிமிஷம் வாங்கிட்டேன். அதுக்கு ஒண்ணரை நொடி கொடுத்தேன்.”

“அவன் எதுக்கு அழறான்?” என்று கேட்டார் மரியதாஸ்.

“பழகின மனுஷன் செத்ததுக்கு.”

“எடுத்தப்போ எதுக்கு அழுதான்?”

“கூப்பிட்டது கேட்டும் போயிட்டதுக்கு,” என்று முணுமுணுத்தாள்.

மரியதாஸ் சிவனணைந்தான் பக்கம் திரும்பினார். “ஐயா, வெளிய வராந்தாவுல போய் நில்லுங்க. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்க.”

“யாரை?”

“இவளை.”

சிவனணைந்தான் ஒன்றும் புரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். குமரகுரு கைப்பேசியில் மணி பார்த்தார். ஆறாக இன்னும் சிறிது நேரமே இருந்தது. “அனுப்பும்மா,” என்றார்.

தவமணியின் விரல் பொத்தானுக்குப் போனது.

“அம்மா… தவமணி அம்மா…”

மைக் இல்லாமல் ஊர் முழுக்கக் கேட்கும்படி பழகிய குரல். தவமணி சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு குமரகுருவைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரைக்கே திரும்பிவிட்டாள்.

மரியதாஸிடம் வேலை கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவு சாத்தினாலும், ஒருவர் தும்மினாலும், அது எத்தனை ஃபிரேம் நீளம் என்று அவர் கேட்பார். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். கடிகாரம் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

“எத்தனை?” என்று கேட்டார்.

“முப்பத்தாறு.”

எதைச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சிவனணைந்தான் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“கேட்டுச்சாம்மா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

தவமணி பொத்தானை அழுத்தினாள். குமரகுரு அவள் தோளைத் தட்டிவிட்டு, ஹீரோவுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனார். படம் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பாமலேயே கேட்டாள்.

“முன்னைக்கு இப்ப நல்லா இருக்குல்ல சார்?”

“நல்லா இருக்கு,” என்றார் மரியதாஸ். “மிச்சம் முப்பத்தாறு ஃபிரேம்.”