கப்பல்புல்லும் அட்டைக் குஞ்சும்

"இது எப்ப அம்மா முடியும்?"

வந்த வேகத்தில் தவராசா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு பிடி கப்பல்புல், வேரோடு. சொட்டிய சேற்றில் மடத்து முற்றம் நீளத்துக்கும் அவர் வந்த வழி தெரிந்தது.

யோகம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மடத்தின் குரு அவர்தான்; ஆனால் சீடரான தவராசாவைவிட வயதில் இளையவர். அதனால் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்.

"எது அண்ணை முடியிறது?"

"இந்தச் சனியன்தான்." புல்லை உயர்த்திக் காட்டினார். எந்தக் கப்பலின் அடியில் ஒட்டி வந்ததோ, பேர் அப்படியே நின்றுவிட்டது. "வெட்டினன். எரிச்சன். சேத்தோடை தோண்டினன். ஒண்டை வெட்ட ரெண்டாத் தழைக்குது. கரையை மூடி, வள்ளம் போற ஓடையையும் அடைச்சிட்டுது. கனவிலயும் உதுதான் வளருது."

"அட்டையள் எப்படி?"

தவராசா உட்கார்ந்தார். உடனே எழுந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வு கால்களுக்கு இன்னும் எட்டவில்லை. இப்போது கடலோரம் வலை அடைத்துக் கடலட்டை வளர்க்கிறார். முதல் தடவை விட்ட குஞ்சுகள் அத்தனையும் செத்தன. இந்தத் தடவையும் செத்தால் அடைப்பு வேறு ஆளுக்கு என்று கடற்றொழில் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

"மெலிஞ்சுபோய்க் கிடக்குதுகள், அம்மா. சேத்தில சத்தில்லை."

யோகம்மா அவர் கையிலிருந்த புல்லைப் பார்த்தார்.

"அப்ப உதையே அட்டைக்குக் குடுக்கலாம், அண்ணை..."

படலை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. முற்றத்தில் தவராசா இல்லை. சேறு மட்டும் கிடந்தது.

அன்று பின்னேரமே கட்டுக் கட்டாக வெட்டிப் பச்சையாகவே அடைப்புக்குள் கொட்டினார். இவ்வளவு நாளும் தன் நித்திரையைத் தின்ற புல்லை இனி அட்டை தின்னட்டும் என்று அவருக்கு ஒரு குதூகலம்.

காற்று விழுந்து கடல் அசையாமல் கிடந்த நாட்கள். புல் அழுகியது. தண்ணீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தது. குஞ்சுகள் வலையோரம் துவண்டு கிடந்தன. அழுகலை அள்ளி வெளியே எறிந்து, உயிரோடு கிடந்ததைத் தப்பவைத்துவிட்டு, நேரே மடத்துக்கு நடந்தார்.

"நீங்கள் சொல்லித்தானே போட்டனான்! பாதி செத்துப்போச்சு, அம்மா!"

"நானும் பாதிதானே சொன்னனான். மிச்சத்தைச் சொல்ல முன்னம் படலை சாத்துப்பட்டிட்டுது."

தவராசாவுக்கு முகம் சுருங்கியது. "மிச்சம் என்ன?"

"காய வையுங்கோ. இடியுங்கோ. சேத்தோடை குழைச்சு, கிடங்கு தோண்டி அதில போட்டு மூடி விடுங்கோ. புல்லு மணம் போய்ச் சேத்து மணம் வருமட்டும் தொடாதேங்கோ. அட்டை எங்கை அண்ணை புல்லுத் தின்னுறது? அதுக்குச் சேறுதான் சோறு."

கிடங்கு தோண்டிப் போட்டுச் சாக்கால் மூடினார். விடிந்தால் சாக்கைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். மத்தியானமும் பார்ப்பார்.

"பிள்ளை நித்திரையோ எண்டு தட்டி எழுப்பிப் பாக்கிற ஆளை இப்பதான் காணுறன்," என்றார் மனைவி.

ஒருநாள் சேற்று மணம் வந்தது. அள்ளித் தூவினார். மிஞ்சிய குஞ்சுகள் தேறிக் கொழுத்தன. சங்கத்து ஆட்கள் வந்து பார்த்து, அடைப்பு அவருக்கே என்றார்கள். வெட்ட வெட்டக் கரை வெளித்தது, ஓடை திறந்தது, வள்ளங்கள் மறுபடி போய்வந்தன.

அடுத்த மாரியில் யோகம்மா கரையோரம் வந்தபோது ஓடை வாயில் ஒரு வள்ளம் மறிபட்டு நின்றது. வள்ளத்தில் நின்ற செபமாலை கத்திக்கொண்டிருந்தாள்.

"ஓடைக்குள்ள வேலி போட்டால் வள்ளத்தைத் தலையிலயோ தூக்கிக்கொண்டு போறது?"

"சுத்திப் போ! புல்லில வள்ளம் ஏறிச்சுதோ, பிறகு தெரியும்!"

வேலிக்குள்ளே முழங்கால் சேற்றில் தவராசா நின்றார். கையில் கப்பல்புல், வேரோடு. ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நித்திரை கண்ட அடையாளம் இல்லை.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"கரையில புல்லே இல்லை, அம்மா. கடைசி இதுதான். நினைச்சால் நெஞ்சு பதறுது. இதுவும் முடிஞ்சால் அட்டைக்கு நான் என்னத்தைக் குடுக்க?"

"போன மாரியில இதே புல்லோடை வந்து, இது எப்ப முடியும் எண்டு கேட்டனீங்கள்."

செபமாலையின் வள்ளம் அலையில் ஆடி வேலிக் கம்பில் முட்டியது. முன்னொரு நாள் பாதியில் எழுந்து ஓடியது தவராசாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அசையாமல் நின்றார்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ, அம்மா."

"மிச்சம் இல்லை, அண்ணை. இந்தமுறை முழுசும் சொல்லியாச்சு."