யாரும் தட்டிப் பார்க்காத இலுப்பை மரம்

மலையடிவாரத்தில் ஒரு காட்டில் பெரிய இலுப்பை மரம் நின்றது. மைனாக்கள், அணில்கள், ஒரு மரநாய் என்று பலர் அதில் குடியிருந்தார்கள். வேர்ப்பக்கம் ஒரு வளையில் எறும்புதின்னியான அழுங்கு ஒன்று வசித்தது. உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல்கூட இல்லை, கூச்ச சுபாவம். சாயங்காலம் கூடு திரும்பும் மைனாக்கள் இடத்துக்குச் சண்டை போடுவதைக் கேட்டபடி படுத்திருப்பதுதான் அதற்குப் பெரிய சந்தோஷம்.

ஒருநாள் மரத்துக்குள் கறையான் அரிக்கும் சத்தம் அதன் காதில் விழுந்தது. பதறிப்போய் எல்லாரையும் கூப்பிட்டது.

"உள்ளே கறையான் ஏறிவிட்டது. மரநாய் அண்ணன் படுக்கும் பொந்து வழியாகத் தோண்டி எடுத்துவிட்டால் மரம் பிழைக்கும்."

மரநாய்க்குப் பொந்தை விட மனம் இல்லை. மெல்ல இறங்கி வந்து கேட்டது: "அழுங்கே, கறையான் யாருடைய சாப்பாடு?"

"என்னுடையதுதான்."

"கேட்டுக்கொள்ளுங்கள். தன் வயிற்றுக்காக நம் மரத்தைத் தோண்டப் பார்க்கிறது."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"என்னை நம்ப வேண்டாம்," என்றது அழுங்கு. "மரத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளே அரித்து வெறும் கூடாகியிருந்தால் சத்தத்திலேயே தெரியும்."

யாரும் தட்டவில்லை.

"சரி, நான் ஒரு கறையானைக்கூடத் தொடமாட்டேன். கரடியைக் கூப்பிடுங்கள். அது தின்னட்டும்."

"கரடியோடு கூட்டு வேறா?" என்றது மரநாய்.

மைனாக்கள் சிரித்தன. "நீ இனி இங்கே இருக்க வேண்டாம்," என்று மூத்த மைனா சொல்லிவிட்டது.

அழுங்கு ஓடையை நோக்கி நடந்தது. ஓர் அணில் பின்னாலேயே ஓடிவந்தது.

"பொந்து போய்விடும் என்றுதானே மரநாய் இப்படிப் பேசுகிறது? அதை நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் மரநாயைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். மரத்தைப் பற்றி யார் பேசுவது? நீயாவது ஒருமுறை தட்டிப் பாரேன்."

அணில் தலையைக் குனிந்துகொண்டது. "என்னையும் உன் ஆள் என்பார்கள்," என்று சொல்லித் திரும்பிவிட்டது.

ஓடைக்கு அப்பால் ஒரு பாறை இடுக்கில் அழுங்கு தங்கியது. அங்கே புற்றுகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கரைக்கு வந்து நிற்கும். காற்று இந்தப் பக்கம் வீசினால் மைனாக்களின் சத்தம் கொஞ்சம் கேட்கும். வீசாவிட்டால் இலுப்பையின் உச்சியைப் பார்த்துவிட்டுப் போகும். யாராவது தன்னைக் கூப்பிட வருவார்கள் என்று அது நம்பியிருந்தது. ஓடையில் வெள்ளம் ஏறியபோது, வருகிறவர்கள் எப்படித் தாண்டுவார்கள் என்று கவலைப்பட்டது.

ஐப்பசியில் ஒரு பகல், மழையோடு பெருங்காற்று அடித்தது. இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். அழுங்கு கரைக்கு ஓடிவந்து பார்த்தது. இலுப்பையின் உச்சி இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது.

அது வெள்ளத்தை நீந்திக் கடந்து போயிற்று. மரம் நடுவில் முறிந்து கிடந்தது. உள்ளே வெறும் மண். கூடுகள் சேற்றில் சிதறிக் கிடந்தன. நனைந்து நின்ற மரநாய் அழுங்கின் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "எல்லாம் இனி உனக்குத்தான். சாப்பிடு."

காலடியில் கறையான்கள் குவியல் குவியலாக நெளிந்தன. அழுங்கு குனியவே இல்லை.

"மைனாக்கள் எந்தப் பக்கம் போயின?" என்று அணிலிடம் கேட்டது.

அணிலுக்குத் தெரியவில்லை.

நீதி: சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதே, சொன்னது உண்மையா என்றும் பார்.