ஒரு மீன், ஒரு மூச்சு

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபது. இதைக் கேட்டு ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தூண்டில் போடத் தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர். அந்தக் கழிமுகத்தில் வேறு வரிசை கிடையாது.

குருவின் பெயர் அமலோற்பவம். வாரத்தில் ஆறு நாள் ஐஸ் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாறைக்கு வந்துவிடுவார். விற்பதற்குப் பிடிப்பதில்லை. பிடித்ததில் பாதியைத் திரும்ப விட்டுவிடுவார். கேட்டால், வந்தது சந்தோஷத்துக்கு, அது கிடைத்துவிட்டது என்பார்.

சீடர் தவசிமுத்து, ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்தைந்து வருஷம் வரப்பு வரப்பாக அளவுச் சங்கிலி பிடித்தவர். அவர் அளந்து கல் நட்டுவிட்டால் அண்ணன் தம்பி சண்டைகூட அடங்கிப்போகும் என்று பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐந்து மாதமாக வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு மீன் அகப்படவில்லை.

அவருக்கு அது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவி பூங்கனியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பூங்கனி கடற்கரை ஊர்ப் பெண். அவள் அப்பா ஞாயிறு தவறாமல் தூண்டிலில் ஒரு மீன் கொண்டுவருவாராம். நானும் ஒரு நாள் என் கையால் பிடித்துக் கொண்டுவருகிறேன் பார் என்று அன்றைக்குச் சொன்னார். அப்புறம் மாற்றல் மேல் மாற்றல், எல்லாம் கடலே இல்லாத ஊர்கள். முப்பத்துமூன்று வருஷம் ஓடிவிட்டது. பூங்கனி ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

ஆகவே ஞாயிறுதோறும் அவர் பாறைக்குப் போனார். அவள் ஞாயிறுதோறும் மசாலா அரைத்து வைத்தாள். சாயங்காலம் அந்த மசாலா முருங்கைக்காய்க்குப் போனது.

அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில், விளையாட்டாகத் தூண்டில் போடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. பாறைக்குப் போகும் வழியில் சங்கத்தின் தகர போர்டு. அதில் ஒன்பது விதிகள். ஆளுக்கு ஒரு தூண்டில்தான். ஒரு நாளில் மூன்று மீனுக்கு மேல் கூடாது. சினை மீன் ஏறிவரும் இரண்டு மாதம் தூண்டிலே போடக் கூடாது. அளவுப் பலகையில் சிவப்புக் கோட்டைத் தொடாத மீன் திரும்பத் தண்ணீருக்குப் போக வேண்டும். இப்படியே போய்க் கடைசியில், பெயின்ட் தீர்ந்துபோன மாதிரி சின்ன எழுத்தில் ஒன்பதாவது விதி: ஒரு மீன், ஒரு மூச்சு.

அதாவது, மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கும்போதே நீயும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு முட்டுவதற்குள் அளந்து முடித்துவிட வேண்டும். அதற்குள் முடியவில்லை என்றால் மீன் ஆற்றுக்கு. இன்னொரு தடவை அளக்கும் பேச்சே இல்லை.

போர்டைப் படித்த முதல் நாளே தவசிமுத்து குருவிடம் கேட்டுவிட்டார்.

"விளையாட்டுதானேம்மா இது? பிழைப்புக்குப் பிடிக்கிறவங்களுக்குச் சட்டம் இருக்கட்டும். விளையாட்டுக்கு எதுக்கு ஒன்பது?"

அமலோற்பவம் அளவுப் பலகையை ஆற்றில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்தார்.

"காஞ்ச பலகைல மீனை வைக்காதீங்க சார். அதோட வழுவழுப்பு உரிஞ்சிரும்."

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று சீடர் நினைத்துக்கொண்டார். வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

மறுவாரம் அவர் பழைய சர்வே டேப்பைக் கொண்டுவந்து அளவுப் பலகையையே அளந்து பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குரு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். திருப்தியா சார் என்று கேட்டார். பரவாயில்லை என்று சீடர் சான்றிதழ் கொடுத்தார்.

மற்றபடி குரு நல்ல குருதான். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும்போது பாறை இடுக்கில் கொடுவா வரும், இறங்கும்போது மணல் திட்டுப் பக்கம் மடவை மேயும் என்று இடம் காட்டினார். இறாலைச் சாகாமல் தூண்டில் முள்ளில் கோக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான். சீடர் மீனை அளக்கும்போது மட்டும் குரு வாயைத் திறக்கமாட்டார். இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்று ஒரு சொல் வராது. அது குருவின் கம்பீரம் என்று தவசிமுத்து எடுத்துக்கொண்டார்.

அளந்ததெல்லாம் குட்டி மீன்கள். ஒரு மடவை அரை விரல் குறைவாக இருந்தது. அதையும் விட்டாயிற்று.

மூச்சுப் பிடிக்க மட்டும் வீட்டில் பழகினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கன்னம் உப்ப, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும் பூங்கனியும் சிரித்துக்கொண்டே கூடப் பிடிப்பாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். கடற்கரைப் பெண்ணோடு போட்டி போடலாமா என்று வேறு கேட்பாள்.

கடைசி ஞாயிறு வந்தது. மறுநாளிலிருந்து இரண்டு மாதத்துக்குத் தூண்டில் கூடாது. வரும் வியாழக்கிழமை தவசிமுத்துவும் பூங்கனியும் ஓசூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்கள். ஓசூரில் ரோஜாத் தோட்டம் உண்டு, கடல் கிடையாது. இன்று இல்லையென்றால் இல்லைதான்.

அன்றைக்குப் பூங்கனியும் கூட வந்தாள். அரைத்த மசாலாவைத் தூக்குவாளியில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்தாலாவது மீன் வருகிறதா பார்ப்போம் என்று குருவிடம் சொன்னாள். பாறைக்கு நாலு எட்டு மேலே குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தூண்டில் ஒரேயடியாக வளைந்தது.

கொடுவா. தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு பாறைக்கும் மணல் திட்டுக்குமாக ஓடியது. விட்டுப் பிடிங்க சார், விட்டுப் பிடிங்க என்று குரு சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் மீன் களைத்துப் பாறையோரம் வந்தது. குரு பலகையை நனைத்து வைத்துவிட்டுக் கைவலையை நீட்டினார்.

தவசிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மீனை எடுத்தார்.

பலகையில் வைத்ததும் அது ஒரு துள்ளு துள்ளியது. மூக்குக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். பதறாமல் மீனின் வாயை மூடிப் பலகையின் முனைக் கட்டையில் முட்ட வைத்தார். வாலை நீவி நேராக்கினார். எல்லாம் முறைப்படி செய்தார். கோட்டைப் பார்க்கக் குனிந்தால் சிவப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தது. கண்ணாடியைத் தோளில் துடைத்தார். இன்னும் மோசமாகிவிட்டது.

மார்பு கனக்க ஆரம்பித்தது. ஒரு வார்த்தை உதவி கிடைக்குமா என்று குருவைப் பார்த்தார். குரு வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். பூங்கனியைப் பார்த்தார். அவள் தூக்குவாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருக்கிறாள் போலும் என்று நினைத்தார். முப்பத்துமூன்று வருஷத்துக் கோபம்.

மூக்கு வழியாகத் துளி மூச்சு விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியும் என்று கேட்ட பண்ணையார்களிடமெல்லாம் முடியாது என்று சொன்ன கை அது. அந்தக் கைக்குள் மீனின் செவுள் ஒரு தடவை திறந்தது, மூடியது. மறுபடி திறக்க நேரமானது.

இரண்டு கையாலும் மீனை எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினார். அது நனைந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

குரு சொல்லிக் கொடுத்தபடி அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தார். செவுள் திறந்து மூடியது. அவர் மார்பும் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே இளைப்பாறினார்கள். பிறகு வால் அசைந்தது. ஒரு சுழற்றுச் சுழற்றிக்கொண்டு மீன் போய்விட்டது.

அவருக்கு வலித்தது. ஆனால் வலிக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பாறையிலேறி உட்கார்ந்தார்.

"அளவு இருந்துச்சா இல்லையான்னே தெரியலம்மா. கண்ணாடி மறைச்சிட்டு."

"இருந்துச்சி சார்," என்றார் அமலோற்பவம். "கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை."

தவசிமுத்து திரும்பி மேலே பார்த்தார்.

"நீ பார்த்தியா பூங்கனி?"

"ரெண்டு இல்ல, மூணு," என்றாள் அவள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அப்பாவுக்குக்கூட இவ்வளவு பெரிசு மாட்டியதில்லை என்றாள். வீட்டில் முருங்கைக்காய் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

சீடருக்குத் தாங்கவில்லை. குருவிடம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வார்த்தை."

அமலோற்பவம் அளவுப் பலகையை ஆற்றில் அலசிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் சொல்றது? நாங்களும்தானே மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருந்தோம்."