மாடு எழுந்தால் ஆட்டம் தொடரும்

மந்திமட்டம் கோப்பை என்று ஒரு கோல்ஃப் போட்டி இருந்தது. மலையிலுள்ள எஸ்டேட் துரைமார்கள் வருஷத்துக்கு ஒருதரம் கூடி ஆடுவார்கள். ஒரு வருஷம் ஆடினார்கள், மறு வருஷம் ஆடவில்லை, அப்புறம் ஆடவே இல்லை. ஏன் நின்றது என்று கேட்டால் தேயிலை விலை விழுந்துவிட்டது என்பார் ஒருவர், துரைமாருக்கெல்லாம் முட்டி வலி வந்துவிட்டது என்பார் இன்னொருவர். சவரிமுத்துவிடம் கேட்டால் மட்டும், "நின்னுச்சுன்னு எவன் சொன்னான்?" என்று திருப்பிக் கேட்பார்.

சவரிமுத்து அந்தத் துரைமாருக்கு மட்டைப் பை சுமந்தவர். இப்போது மைதானத்து ஓரத்தில், ஆறாம் குழியை ஒட்டி, அவர் மனைவி ஞானப்பூ டீக்கடை நடத்துகிறாள். அவர் கடையில் உட்கார்ந்து பேசுகிறார். இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம் என்பது அவருடைய கட்சி. ஞானப்பூ அதை ஒப்புக்கொண்டு யாரும் கேட்டதில்லை. புளுகு கூரையைத் தொடுகிற நேரம் பார்த்து, அடுப்பிலிருந்து தலையை எடுக்காமல், "டீ ஆறுது" என்பாள். கூட்டம் சிரித்துவிடும். கதை அங்கேயே படுத்துவிடும். அவள் வாயில் பொய் வராது என்பது ஊரறிந்த விஷயம். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுவாள்.

தன் புளுகு வாயைப் பற்றி அவளுக்கு வெட்கம் என்று சவரிமுத்து நினைத்திருந்தார். அது அவருக்கு உள்ளூர வலிதான். ஆனாலும் வாய் நின்றதில்லை.

அன்று மத்தியானம் கம்பெனி ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் வித்யாதரன், எஸ்டேட் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் புது அதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் எழுதினது எழுதினபடி, பேசினது பேசினபடி நடக்க வேண்டும் என்கிற ரகம். செருப்பைத் துடைத்துவிட்டுத்தான் டீக்கடைக்குள்ளேயே வந்தார்.

"பெரியவரே, இந்தக் கொட்டகையை எதுக்குப் போட விட்டாங்கன்னு விசாரிச்சேன். போட்டி நடக்கிற வரைக்கும் ஆட்டக்காரங்களுக்கு டீ கொடுக்கணும், போட்டி முடிஞ்சதும் பிரிச்சிடணும். அதுதான் பேச்சு. போட்டி முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சு. நாளைக்கு ஆள் அனுப்புறேன்."

ஞானப்பூவின் கையில் வடிகட்டி அப்படியே நின்றது. அந்தக் கடையை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பயம் வந்தால் சவரிமுத்துவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்.

"சார் உக்காருங்க," என்றார். "போட்டி முடியல."

பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சுலைமான், ஒரு பன்னையும் எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான். பழைய கதைதான், ஆனால் சொல்லச் சொல்ல வளரும். இனி பஸ் இப்போதைக்குக் கிளம்பாது என்று பயணிகளுக்கும் புரிந்தது.

"கடைசியா நடந்த போட்டி, சார். கூர்க்குக்காரர் குட்டப்பா துரைக்கு நான்தான் பை தூக்கினேன். அவர் ஒரு அடி அடிச்சார். பந்து மேலே போச்சு. கீழே வரல."

"ஏன்?"

"பனிமூட்டம். இப்ப வர்றதெல்லாம் மூட்டமா? அப்ப வந்தது வெண்ணெய் மாதிரி இருக்கும். பந்து அதுல பாதி வழியில மாட்டிக்கிச்சு. அண்ணாந்து பாத்தா தெரியுது, எட்டல. வெயில் வந்து மூட்டம் இளகட்டும்னு எல்லாரும் கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டோம்."

"துரட்டி போட்டு இழுக்க வேண்டியதுதானேண்ணே?" என்றான் சுலைமான்.

"பந்தைக் கையால தொடக்கூடாது, கம்பாலயும் தொடக்கூடாது. சட்டம் தெரியாமப் பேசாத பாய்."

வித்யாதரன் தலையை அசைத்தார். சட்டம் என்ற சொல் அவருக்குப் பிடித்தமானது.

"வெயில் வந்துச்சு, பந்து விழுந்துச்சு. எங்கே? ரோட்டுல போன பொள்ளாச்சி பஸ்ஸோட கூரையில. பஸ் நிக்கல. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் பந்து இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் உருளுது, உள்ளே இருக்கிறவங்க கல்மழைன்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. பொள்ளாச்சியில மேலே தக்காளிக் கூடை ஏத்தினாங்க. பந்து கூடைக்குக் கூடை தாவிக்கிட்டே இருந்துச்சு. பஸ் திரும்பி மலையேறி வந்தது. இதோ, இந்த வளைவுல டிரைவர் பிரேக் போட்டார். கூரையிலிருந்து எகிறின பந்து நேரா ஆறாம் குழிகிட்ட வந்து உக்காந்துச்சு. கொஞ்சம் தக்காளி வாசனை, அவ்வளவுதான்."

"அந்த பஸ்ல கண்டக்டர் யாரு?" என்றான் சுலைமான்.

"உங்க அப்பாதான்."

"எங்க அப்பாவுக்கு மீன் வியாபாரம்ணே."

"லீவு நாள்ல கண்டக்டர்."

அடுப்புப் பக்கம் சவரிமுத்து ஓரக்கண்ணால் பார்த்தார். 'டீ ஆறுது' வருகிற இடம் இதுதான். வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பந்து நடுவுல தரையில எங்கேயும் நிக்கல," என்று தொடர்ந்தார். "அதனால பொள்ளாச்சி போய் வந்தது மொத்தமும் ஒரே அடின்னு நடுவர் தீர்ப்பு சொல்லிட்டார். இன்னும் ஒரு தட்டுத் தட்டினா கோப்பை குட்டப்பா துரைக்கு. அவர் மட்டையை எடுக்கிறார். அப்பதான் சோலைக்குள்ளேர்ந்து ஒரு காட்டுமாடு வந்து, பந்து மேல படுத்துருச்சு."

வித்யாதரன் நிமிர்ந்தார்.

"இந்த மைதானத்துக்குன்னு ஒரு சட்டம் உண்டு, சார். காட்டுமாடு பந்து மேல படுத்தா விரட்டக்கூடாது. அதுவா எழுந்திரிக்கிற வரைக்கும் ஆட்டம் நிக்கும். எழுந்ததும் தொடரும்."

"அது உண்மைதான்," என்றார் வித்யாதரன். "அந்தச் சட்டம் எழுதின பலகை கிளப் சுவத்துல இன்னும் தொங்குது. படிச்சேன்."

சவரிமுத்துவுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. தன் கதையில் ஒரு உண்மை இருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது.

"காத்திருந்தோம், சார். துரைமார் சாப்பாட்டை இங்கேயே வரவழைச்சாங்க. அப்புறம் கட்டிலை வரவழைச்சாங்க. நடுவருக்குத் தாடி முளைச்சு, அதுல ஒரு சிட்டு கூடு கட்டிச்சு. குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும் அவர் தலையாட்டல, எல்லாத்துக்கும் வாயாலதான் பதில் சொன்னார். ஒவ்வொரு துரையா மாற்றலாகிப் போயிட்டாங்க. நடுவரைக் கடைசியா அவர் பேரன் வந்து கூட்டிட்டுப் போனான். மாடு மட்டும் எழுந்திரிக்கல."

அவர் கையை நீட்டினார். ஆறாம் குழிக்குப் பக்கத்தில், தினமும் அங்கேயே வந்து படுக்கிற கிழட்டு ஒற்றைக் காட்டுமாடு அசைபோட்டபடி கிடந்தது.

"அதே மாடாண்ணே?" என்றான் சுலைமான். "அதுக்கு அவ்வளவு ஆயுசு ஏது?"

"படுத்தே கிடந்தா வயசு ஏறாது."

"விடியக்காலையில மேயப் போகுதே. நானே பாத்திருக்கேன்."

"அப்ப பனிமூட்டம் இருக்கும். குழியில நட்ட கொடி கண்ணுக்குத் தெரியாதப்ப ஆடக்கூடாதுன்னு அடுத்த சட்டம். வெயில் வர்றதுக்குள்ள அதுவும் வந்து படுத்துக்கும். சட்டம் தெரிஞ்ச மாடு."

வித்யாதரன் கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்தார். பிறகு சவரிமுத்துவை விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு கீழேயே சொன்னாங்க. நீங்க சொல்லுங்க."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட ஜன்னலில் தலையை நீட்டினார்கள். சவரிமுத்து பெஞ்சியைப் பிடித்துக்கொண்டார். கடை போனது, தன் மானமும் போனது என்று முடிவுகட்டிவிட்டார்.

ஞானப்பூ கையைத் துடைத்துக்கொண்டாள். "மூட்டத்துல பந்து மாட்டினது பொய். பஸ் கதை பொய். தாடியில சிட்டு கூடு கட்டினதும் பொய்ங்க," என்றாள். "மாட்டுக்கு அடியில பந்து இருக்கு."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"அப்ப நான் இருந்து பார்த்துட்டே போறேன்," என்று வித்யாதரன் நாற்காலியை மைதானத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சவரிமுத்துவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கடை போனால் எங்காவது கூலி வேலை பார்த்துக்கொள்ளலாம். தன்னைக் காப்பாற்ற வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்லிவிட்டாளே, அதுவும் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர் பார்க்க உடையப்போகிறதே என்று அவருக்கு அழுகை முட்டியது. ஜீப் டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். மேலே எஸ்டேட்டில் யானை புகுந்துவிட்டதாம் என்றார். பாம்பு ஒன்று இந்த நேரத்துக்கு நாற்காலியைத் தேடி வரும் என்றார். வித்யாதரன் இன்னொரு டீ கேட்டார்.

வெயில் சாயத் தொடங்கியபோது மாடு முன்னங்காலை ஊன்றியது. பின்னங்காலை ஊன்றியது. எழுந்து நின்றது.

எல்லாரும் கொட்டகையை விட்டு வெளியே வந்தார்கள். மாட்டின் வயிற்றுக்குக் கீழே, நசுங்கிக் கிடந்த புல்லின் நடுவில், சேறு அப்பிய வெள்ளைப் பந்து ஒன்று கிடந்தது. சுலைமான் கையிலிருந்த பன்னைக் கீழே போட்டுவிட்டான். அங்கே நின்றவர்களில் மிகவும் வாயைப் பிளந்தது சவரிமுத்துதான்.

வித்யாதரன் ஓரடி எடுத்து வைத்தார். மாடு அவரைப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பெருமூச்சு விட்டபடி, மறுபக்கம் திரும்பி, பந்து மேலேயே படுத்துக்கொண்டது.

வித்யாதரன் அந்த அடியைப் பின்னால் எடுத்து வைத்தார். "ஆட்டம் நடந்துட்டுதான் இருக்கு," என்றார். "ஆட்டத்துக்கு நடுவுல கொட்டகையைப் பிரிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. முடிஞ்சா சொல்லி அனுப்புங்க."

ஜீப் போனது. அதன் பின்னாலேயே பஸ்ஸும் போனது. இந்தக் கதை கீழே போய்ச் சேரும்போது பந்து எத்தனை ஆகியிருக்கும் என்பதை சுலைமான்தான் சொல்ல வேண்டும்.

கடையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். சவரிமுத்து அடுப்புப் பக்கம் வந்து நின்றார்.

"ஞானப்பூ, அந்தப் பந்து..."

"பரண்ல உங்க தகரப் பெட்டி இருக்குல்ல, பழைய பந்து போட்டு வெச்சிருக்கீங்களே, அதுலேர்ந்து எடுத்ததுதான்," என்றாள் அவள், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "மாடு மேயப் போற நேரம் போய் வெச்சிட்டு வருவேன். குரங்கு தூக்கிட்டுப் போயிரும், மழைன்னா சேத்துல புதைஞ்சிரும். அப்பப்ப மாத்தணும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க இந்தக் கதையை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. ஊரெல்லாம் பந்து இருக்குன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்குத் தூங்கிடறீங்க. யாராவது ஒருத்தர் எட்டிப் பாத்தா உங்க மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

சவரிமுத்து அவளையே பார்த்தார். இத்தனை நாளும் தன்னால் அவளுக்குத் தலைக்குனிவு என்றல்லவா அவர் நினைத்திருந்தார். சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் தன்னைக் கேட்டதை அவர் முதன்முறையாக இன்னொருவரிடம் கேட்டார்.

"நெஜமாவா சொல்ற? நீதான் வெச்சியா?"

"இல்லீங்க, மாடு முட்டை போட்டுச்சு," என்றாள் ஞானப்பூ. "டீ ஆறுது, குடிங்க."