சேந்தன் கட்சிக்குப் பொருள் சொன்னது

வெகு காலத்துக்கு முன்னே பூவாற்று நாட்டை விக்கிரமகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான். சாயங்காலம் அவனையே அதைத் தூக்கச் சொல்வான்.

அவன் சபையில் பெரிய மனிதர்கள் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். தூண் ஓரம் இருந்தவர்கள் தூண் கட்சி. சாளரத்து ஓரம் இருந்தவர்கள் சாளரக் கட்சி. சாய்ந்து தூங்கத் தூண் உசத்தியா, காற்று வாங்கச் சாளரம் உசத்தியா என்று அவர்கள் பாட்டன்மார் ஆரம்பித்த வழக்கு, இன்னும் தீரவில்லை. தூண் கட்சிக்குத் தலைவர் பிரதானி கருணாகரர். சாளரக் கட்சிக்குத் தலைவர் காங்கேயர் என்ற கிழவர்.

அந்த வருஷம் ஊர் ஏரியின் கரை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டது. தூண் கட்சி அடைக்கலாம் என்றால் சாளரக் கட்சி கூடாது என்றது. மறுநாள் சாளரக் கட்சி அடைக்கலாம் என்றது. உடனே தூண் கட்சிக்கு அது பிடிக்காமல் போயிற்று. தண்ணீர் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இளைய மந்திரி சேந்தன் எந்தப் பக்கமும் சேராதவன். ஒருநாள் அவன் கரையோரம் போனபோது, வயலில் நின்ற ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சாமி, சபையில பேசி முடிச்சாச்சா? இல்ல, இந்த வருஷம் வர வேணாம்னு நாங்க நெல்லுகிட்டச் சொல்லிடட்டுமா?"

சேந்தன் உடைப்பின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்துவிட்டு வந்தான்.

மறுநாளும் சபையில் அதே ஏரி, அதே வாக்குவாதம். ராஜா ஒரு கொட்டாவி விட்டான். கொட்டாவி முடிந்ததும் கேட்டான்: "அது சரி, இந்தக் கூட்டங்களை ஏன் கட்சி என்கிறோம்?"

சபைப் புலவர் எழுந்தார். "மகாராஜா, கட்சி என்றால் பழந்தமிழில் பறவைக் கூடு."

"அப்படியானால் முட்டை எங்கே?"

புலவர் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா எதற்கும் சேந்தனைக் கேட்பது கருணாகரருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று எழுந்து கும்பிட்டார். "எந்தக் கட்சியிலும் சேராத ஞானி ஒருவர் இருக்கிறாரே மகாராஜா! வீட்டுக்கு வெளியே நிற்பவருக்குத்தானே வாசல் நன்றாகத் தெரியும்?"

"அதுவும் நியாயம்தான். சேந்தா, வெள்ளிக்கிழமைக்குள் பொருள் சொல். சொல்லாவிட்டால் உன் பதவி போயிற்று. பிரதானியின் பல்லக்கை நீ தூக்கு."

"உத்தரவு மகாராஜா. ஆனால் ஏரிக்கரையில் வைத்துத்தான் சொல்ல முடியும். சில சொற்களுக்குச் சபையில் பொருள் வராது."

வியாழக்கிழமை சாயங்காலம் சேந்தன் பிரதானி வீட்டுக்குப் போனான்.

"ஐயா, சேதி தெரியுமா? நாளைக் காலையில் சாளரத்தார் உடைப்பை அடைத்து, தங்கள் பேரில் கல் நாட்டப் போகிறார்கள்."

"அவர்கள் பேரிலா?" என்று எழுந்த கருணாகரர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

அங்கிருந்து சேந்தன் நேரே காங்கேயர் வீட்டுக்குப் போய், தூண்காரர்கள் கல் நாட்டப் போவதாகச் சொன்னான். பொய் சொன்னான் என்று அவனைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் இரண்டும் உண்மையாகிவிட்டன.

வடக்கேயிருந்து தூண் கட்சி மண் கொட்டியது. தெற்கேயிருந்து சாளரக் கட்சி. பட்டு அங்கவஸ்திரத்தைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு பெரிய மனிதர்கள் கூடை சுமந்தார்கள். உச்சிவேளைக்குள் உடைப்பு அடைபட்டுப்போயிற்று. கடைசிக் கூடை யாருடையது என்று இரு தரப்பும் கூடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது ராஜா யானைமேல் வந்து சேர்ந்தான்.

"யார் அடைத்தது?"

"நாங்கள்!" என்றார்கள் எல்லோரும்.

சேந்தன் முன்னால் வந்தான். "பிரதானியாரே, காலையில் உங்கள் ஆட்களுக்கு என்ன உத்தரவு போட்டீர்கள்?"

"கட்டு என்றேன்."

"சாளரத்தார் கட்டியிருக்கிறார்களே, அதைப் பற்றி?"

கருணாகரர் தெற்கே பார்த்தார். "சீ!"

"காங்கேயரே, நீங்கள்?"

"நானும் 'கட்டு' என்றுதான் சொன்னேன்."

"தூண்காரர்கள் வேலை எப்படி?"

"சீ!" என்று கிழவர் துப்பினார்.

சேந்தன் ராஜாவைக் கும்பிட்டான். "பொருள் கிடைத்துவிட்டது மகாராஜா. தான் செய்தால் கட்டு. அடுத்தவர் செய்தால் சீ. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தால் கட்சி."

"கட்டு... சீ..." ராஜா மெல்லச் சொல்லிப் பார்த்தான். யானைப்பாகன்தான் முதலில் சிரித்தான், சிரித்துவிட்டுப் பயந்தான். பிறகு ராஜா சிரித்த சிரிப்பில் அம்பாரி குலுங்கியதும் அவன் பயம் தெளிந்தது.

"மகாராஜா, இதை ஒப்புக்கொள்ளக் கூடாது!" என்று கருணாகரர் கத்தினார். "சீ நெடில். கட்சியில் இருப்பது குறில். இலக்கணம் இடிக்கிறது!"

"ஒத்துக்கொள்கிறேன் ஐயா," என்றான் சேந்தன். "இலக்கணத்தில் ஓட்டை இருக்கிறது. கரையில் இல்லை."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டான். "இனி நீ எந்தப் பக்கம் உட்காரப்போகிறாய்?"

"வாசல் பக்கம், மகாராஜா. வேலை வந்தால் எழுந்து போக வசதி."

பிறகு ராஜா மற்ற இருவரையும் பார்த்தான். கல் நாட்டப்படும், ஆனால் அதில் எவர் பேரும் இருக்காது என்றான். மழைக்காலம் முடியும்வரை பிரதானியும் காங்கேயரும் கரைக்குக் காவல் இருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே தாழங்குடை.

அப்படியே இருந்தார்கள். ஆளுக்கொரு தோள் நனைந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் கருணாகரர் சொன்னார்: "இந்தச் சேந்தன் ரொம்பப் பொல்லாதவன்."

காங்கேயர் யோசித்துப் பார்த்தார். பரம்பரையில் முதல் தடவையாக, "ஆமாம்," என்றார்.

ஊரார் அந்தக் குடையை மூன்றாவது கட்சி என்றார்கள்.