எறும்பு வீட்டுக் குப்பை

“டீச்சர், காவல் காக்குறவன் மேல யாருக்காச்சும் கோவம் வருமா?”

மாசிலாமணி காலையில உள்ள நுழைஞ்சதும் கேட்ட கேள்வி இதுதான்.

பிலோமி டீச்சர் தலையத் தூக்கல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரோஜா இதழைக் கிள்ளிப் போட்டுக்கிட்டே, “யாருக்குக் கோவம்?”னாங்க.

“என் தங்கச்சி செண்பகத்துக்குத்தான். தபால் வந்துச்சாண்ணான்னு கேட்டா. வரலன்னேன். நம்பல போல, பத்து நாளா பேச்சு இல்ல. சோத்தப் போடுறா, தட்டை நகத்துறா, அவ்வளவுதான்.”

அந்தக் காலேஜுல அந்த ரூமுக்குப் பேரு எறும்பு வீடு. கடல் தாண்டி வந்த எறும்புங்க. சும்மா சர்க்கரைக்கு அலையிற எறும்பு இல்ல, அத்தனையும் விவசாயி! இலை, பூ எல்லாத்தையும் உரமா போட்டு, காளான் பயிர் பண்ணி, அதத் தின்னு வாழுதுங்க.

அதுங்க மூலையில தள்ளுற குப்பையை வாரிக் கொட்டுறது மாசிலாமணி வேலை. கொட்டுறதுக்கு முன்னாடி, உள்ள என்ன இருக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லணும். அவங்க நோட்டுல எழுதிக்குவாங்க. அது அந்த ரூம் சட்டம்.

டீச்சர் அவரைவிட பதினஞ்சு வயசு சின்னவங்க. இருந்தாலும் எதுன்னாலும் அவங்ககிட்டதான் கேப்பாரு. அவங்க நேரா பதில் சொன்னதா சரித்திரமே கிடையாது.

“மூணாம் பெட்டியப் பாருங்கண்ணே. அந்த மஞ்சக் குட்டிங்க யாரு?”

“விருந்தாளிங்க! ஒரு துரும்பத் தூக்காது. காளானையும் தின்னும், வீட்டுக்காரங்க புள்ளையையும் தின்னும். தண்டச்சோறு.”

“அப்புறம் ஏன் யாரும் வெரட்டல?”

மாசிலாமணி மூஞ்சி பளிச்சுனு ஆயிருச்சு.

“போன மாசம் கொள்ளைக்கார எறும்ப விட்டுப் பாத்தீங்கல்ல? ஒண்ணாம் பெட்டி அடியோட காலி. இங்க இந்த மஞ்சளுங்க வெஷத்தக் காட்டி தொரத்தி அடிச்சுதுங்களே! நானும் அதத்தான் சொல்றேன் டீச்சர். மில்லு மூடுனதுலேருந்து அவ வீட்டுலதான் இருக்கேன். அவ நர்சு சம்பளத்துலதான் திங்கிறேன், ஒத்துக்கிறேன். ஆனா பதினெட்டு வருஷத்துல வம்பு பண்ண ஒரு பய வாசப்படிய மிதிச்சிருப்பானா? பொண்ணு பாக்க வந்ததெல்லாம் ஃபிராடுப் பசங்க. நானே பேசி அனுப்பிட்டேன்.”

“எல்லாருமா ஃபிராடு?”

அவரு சட்டைப் பையிலேருந்து ஒரு கவரை எடுத்தாரு. ஒட்டுனது ஒட்டுனபடி இருந்துச்சு.

“மஸ்கட் ஆஸ்பத்திரி. அவ இண்டர்வியூ போயிட்டு வந்தா. வேலை கெடச்சிருச்சு போல. போயிருவா டீச்சர். தனியா, தெரியாத ஊருக்கு. அங்க அவளுக்கு யாரு காவல்? குடுக்கவா, வேணாமா?”

“மொதல்ல குப்பைய வாருங்க.”

ஒரு தகட்டுல வாரி மேசையில வச்சாரு.

“என்ன இருக்கு?”

“எப்பவும் போலத்தான். செத்த எறும்பு, காஞ்ச காளான், கொஞ்சம் தவிடு.”

“நான் அரிசியே போடுறதில்லையே. தவிடு எங்கேர்ந்து வந்துச்சு?”

டீச்சர் லென்ஸை நீட்டுனாங்க.

குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடித் தாள் மாதிரி இருந்துச்சு. உள்ள மெல்லிசா நரம்பு ஓடுச்சு.

“றெக்கை டீச்சர் இது!”

“ம்.”

“யாரோடது?”

“இந்த வீட்டுப் பொண்ணுங்களோடது. றெக்கை முளைச்சதும் பறந்து போயி தனிக் குடித்தனம் வைக்கணும்.”

“பறக்காமலே உதிந்துருச்சா?”

“உதிரல.”

டீச்சர் விரல் பெட்டி மேல ஒரு இடத்துல நின்னுச்சு.

றெக்கை வச்ச பெரிய எறும்பு ஒண்ணு. அது முதுகுல ஒரு மஞ்சக் குட்டி. றெக்கையோட அடியில வாய வச்சு, அவசரமே இல்லாம கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பெரிசு ஆடாம அசையாம நின்னுச்சு.

“ஒதறித் தள்ளலாமே. ஏன் சும்மா நிக்குது?”

“நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சு நிக்குது.”

“அப்புறம் அதோட கதி?”

“இங்கயே வேலை செஞ்சுக்கிட்டுக் கெடக்கும். சாவுற வரைக்கும்.”

ரெண்டாவது றெக்கையும் விழுந்துச்சு. ஒரு வேலைக்கார எறும்பு வந்து அதைக் கவ்வி, குப்பைக்கு இழுத்துட்டுப் போச்சு.

மாசிலாமணி பரபரன்னு கவரைக் கிழிச்சாரு. இங்கிலீஷு. டீச்சர் கையில திணிச்சாரு.

“கெடு போட்டிருக்கும். பாருங்க.”

டீச்சர் படிச்சாங்க. மடிச்சாங்க.

“நேத்தோட முடிஞ்சிருச்சுண்ணே.”

அவரு கை பட்டு மேசையிலிருந்த குப்பைத் தகடு சாஞ்சு, றெக்கையெல்லாம் தரையில செதறிருச்சு. அவரு மண்டி போட்டாரு. விரல் நுனிய எச்சில் பண்ணி, ஒவ்வொண்ணா ஒத்தி எடுத்தாரு. எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

“டீச்சர், இதத் திரும்ப ஒட்ட முடியுமா?”

டீச்சர் நோட்டைத் தொறந்து பேனாவ எடுத்தாங்க.

“இன்னிக்கிக் குப்பையில என்ன இருந்துச்சு? சொல்லுங்கண்ணே.”

“செத்த எறும்பு,”னாரு மாசிலாமணி. “காஞ்ச காளான்...”

விரல் நுனியில ஒட்டியிருந்த றெக்கைய டீச்சர்கிட்ட நீட்டினாரு.