சர்வேயரின் சிவப்புப் புள்ளிகள்

ஓய்வுபெற்ற சர்வேயர் ராக்கியப்பன், அறுபத்தொரு வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான ஹசீனா டீச்சரிடம் பூச்சியியல் படிக்கச் சேர்ந்தார். டீச்சர் அவருக்கு ஒரு சின்ன அந்துப்பூச்சிப் பேரினத்தைக் கொடுத்தார். மொத்தமே நான்கு இனம், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. மலையில் அது எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து ராக்கியப்பன் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

"போதுமுங்க டீச்சர். அட்டை கடிச்சுக் காலெல்லாம் புண்ணு. நெலம்னா நாலு மூலையில கல்லு இருக்கும், அளந்தரலாம். இந்தக் கருமத்துக்கு எல்லையே இல்லீங்க. பதினேழு எடத்துல இருக்குது, செவப்புப் புள்ளி வெச்சிருக்கறேன். மேக்குச் சோலையில இல்லை. முடிஞ்சுது."

"மேற்குச் சோலையில இல்லையா?"

"இல்லீங்க. அந்தச் சோலை வழியா ரோடு போடற ஆபீஸ்ல அதைத்தான் எழுதிக் கேக்கறாங்க. இல்லைன்னு எழுதிட்டா அடுத்த வாரமே மரத்தை வெட்டி ரோடு போட்டுருவாங்க. நான் என்ன பண்ணட்டும்? இல்லாததை இருக்குதுன்னு எழுதறதா?"

டீச்சர் ஒரு பச்சைப் பேனாவை நீட்டினார்.

"இந்த ஆறு மாசத்துல நீங்க டீ குடிச்ச கடையெல்லாம் குறிங்க சார்."

"வெளையாடறீங்களா?"

"குறிங்க."

எரிச்சலோடுதான் குறித்தார். ஆனாலும் சர்வேயர் கை, ஒரு கடையும் தப்பவில்லை. முதல் பச்சை ஒரு சிவப்பின்மேல் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தைத் தாண்டியதும் பேனா மெதுவானது. பதினேழும் பதினேழின்மேல் விழுந்தன.

"பூச்சியை எங்க பிடிச்சீங்க?"

"கடைச் செவுத்துலீங்க. ராவெல்லாம் டியூப்லைட் எரியுது. காலையில ஒட்டிட்டு உக்காந்திருக்கும். டீயைக் குடிச்சுட்டே..." பாதியில் நிறுத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சோலைக்கு எத்தனை நாள் போனீங்க?"

"ரெண்டு நாளு. மத்தியானத்துல."

ராக்கியப்பனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"செரீங்க, அங்க இருக்குதா இல்லையா? நீங்களே சொல்லிப்போடுங்க! சாயந்தரத்துக்குள்ள எழுதிக் குடுக்கோணும்."

"அந்தச் சோலைக்குள்ள டீக்கடை இருக்கா?"

"காட்டுக்குள்ள ஏதுங்க டீக்கடை?"

"அப்போ டீக்கடை இல்லைன்னு எழுதிக் குடுங்க சார். அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்."